அண்ணனைத் தள்ளிவிடும் தம்பி

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பெல்ஜியம் நாட்டில் ஒரு பெரிய சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டு இருந்தது. கென்ட் - வெவெல்கெம் பந்தயம் என்று அதற்குப் பெயர். பந்தயப் பாதை பக்கத்து நாடான பிரான்சுக்குள்ளும் போய்த் திரும்பும்.

வீரர்களில் ஒருவர் அந்துவான் தெமுவாத்தியே. வயது 25. சொந்த நாடு பெல்ஜியம்.

பிரான்சு எல்லைக்குள் போனபோது சில வீரர்கள் சேர்ந்து விழுந்தார்கள். அவரும் விழுந்தார்.

சைக்கிளில் இருந்து விழுவது பந்தய வீரர்களுக்குப் புதிது அல்ல. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறி மிதிப்பார்கள். அன்று அவருக்கு எழுந்திருக்க நேரம் இல்லை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அவர்மீது மோதிவிட்டது.

அது வேறு யாருடைய வண்டியும் அல்ல. பந்தயத்தோடு கூடவே ஓடிய வண்டி!

அவரை லில் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

மறுபடியும் ஒரு விபத்து

இது நடந்து சுமார் 2 மாதம் ஆயிற்று. மே 28-ந் தேதி பெல்ஜியம் சுற்றுப் பந்தயம். அதில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடு ஒன்று மோதி, வீரர்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பலர் விழுந்தார்கள்.

அவர்களில் ஸ்டிக் புரூக்ஸ் என்ற வீரருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. சுமார் 6 மாதம் அவருக்கு நினைவே இல்லை. பிறகு, சின்னக் குழந்தையைப்போல பேசவும் நடக்கவும் மறுபடி பழகினார். பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது.

இதில் இன்னொரு வேதனை உண்டு. அதே ஆண்டு பிப்ரவரி மாதம் வேறு ஒரு பந்தயத்திலும் மோட்டார் சைக்கிள் இடித்து அவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. அது ஆறி, திரும்பி வந்தவருக்குத்தான் இந்தக் கதி!

பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார்? போலீசார், படம் பிடிப்பவர்கள், டாக்டரை ஏற்றி வருகிறவர்கள். வீரர்களுக்கு உதவி செய்யவே அவர்கள் வருகிறார்கள். அந்த வேலையில் பழகியவர்கள். சைக்கிள் வீரர்மீது அவர்களுக்குப் பகை இல்லை, அவசரம்தான் உண்டு.

நல்ல எண்ணமும் பழக்கமும் உள்ளவர்கள் ஓட்டும்போதே இப்படி நடக்கிறது. அப்படியானால், சாதாரண சாலையில், "இந்தச் சைக்கிள்காரர்கள் ஏன் வழியை அடைக்கிறார்கள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளை முறுக்கினால் என்ன ஆகும்?

எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

ஒருவர் விழுந்தால்...

சைக்கிள் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் விழுகிறார்களே, என்ன காரணம்?

காற்றுதான் காரணம்.

வேகமாகச் சைக்கிள் மிதிக்கிறவருக்குப் பெரிய எதிரி எதிர்க்காற்று. முன்னால் ஒருவர் போனால் அவர் காற்றைத் தடுத்துக்கொடுப்பார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாரம் குறையும். 100 பங்கு சக்தி செலவாக வேண்டிய இடத்தில் 60, 70 பங்கு போதும். அதனால்தான் கூட்டமாகப் போகிறார்கள். முன்னால் இருப்பவர் களைத்தால் பின்னால் வந்துவிடுவார். அடுத்தவர் முன்னால் போவார். இப்படி மாறிமாறிப் பாரம் சுமக்கிறார்கள்.

ஆனால், காற்று மறைய வேண்டும் என்றால் ஒட்டிப் போக வேண்டும். ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிதான் இருக்கும்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்ணால் பார்த்து, கையால் பிரேக் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். இடைவெளியோ ஒரு முழம்! முன்னால் இருப்பவர் விழுந்தால் பின்னால் இருப்பவர் என்ன செய்ய முடியும்? அவரும் விழுவார். அவருக்குப் பின்னால் வருகிறவரும் விழுவார்.

2021-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி இதை உலகமே பார்த்தது. அன்று பிரான்சு சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றார். அதில் தாத்தா - பாட்டிக்கு வாழ்த்து எழுதியிருந்தார். டெலிவிஷனில் தெரிய வேண்டும் என்று அட்டையைக் கொஞ்சம் சாலைப் பக்கம் நீட்டினார். அவருடைய கண் காமிராப் பக்கம் இருந்தது. வீரர்கள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

டோனி மார்ட்டின் என்ற ஜெர்மன் வீரர் அட்டைமீது மோதி விழுந்தார். அடுத்த கணம், டஜன் கணக்கில் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிந்தார்கள். சாலையே அடைபட்டுப் போயிற்று.

ஓர் அட்டைக்கே இந்தக் கதி! 200 கிலோவுக்கு மேல் எடை உள்ள மோட்டார் சைக்கிள் உரசினால்? பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. பல சைக்கிள்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. ஒரு சின்னக் குழந்தையின் எடைதான்!

"என் வண்டி ஒல்லி!"

கார் ஓட்டுகிறவருக்கு ஒரு தடை உண்டு. கார் அகலமானது. இடம் இல்லை என்றால் சைக்கிள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

மோட்டார் சைக்கிள்காரர் அப்படி நினைப்பது இல்லை. "என் வண்டி ஒல்லி. எந்தச் சந்திலும் நுழைந்துவிடும்" என்று நினைக்கிறார். ஹாரனை அலற விட்டு, முழங்கை உரசும்படி முந்துகிறார். சிலர் இரண்டு வரிசைக்கும் நடுவே கூட நுழைகிறார்கள்.

வண்டி ஒல்லிதான். ஆனால், சைக்கிள் கோடு போட்டதுபோல ஓடுமா? ஒரு பள்ளம் வந்தால் விலகும். ஒரு கல் வந்தால் விலகும். காதருகே திடீர் என்று ஹாரன் அலறினால், பயத்தில் கை தானாகத் திரும்பும். அவர் ஒரு முழம் விலகினால் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வந்துவிடுவார். அப்போது விழுவது சைக்கிள்காரர் மட்டுமா? மோட்டார் சைக்கிளும் சேர்ந்துதான் விழும்.

ஒன்றரை மீட்டர்

பிரிட்டன் நாட்டில் 2022-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி சாலை விதிகளைத் திருத்தினார்கள். மணிக்கு 30 மைல் வேகம் வரை போகிறவர்கள், சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். வேகம் அதைவிடக் கூடினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று எழுதினார்கள்.

இன்னொரு விதி பலருக்குக் கோபத்தை உண்டாக்கியது. சைக்கிளில் போகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து போகலாம். பெரிய கூட்டமாகப் போகும்போது அதுவே பாதுகாப்பாக இருக்கலாம் என்பது அந்த விதி.

"ஒருவர் பின் ஒருவராகப் போனால் என்ன? சாலை அவர்கள் சொத்தா?" என்று கேட்டார்கள்.

சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 பேர் சைக்கிளில் போகிறார்கள். ஒரு சைக்கிளும் இடைவெளியும் சேர்ந்து இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பின் ஒருவராகப் போனால் வரிசையின் நீளம் 30 மீட்டர். இரண்டு இரண்டு பேராகப் போனால் 15 மீட்டர். முந்துகிறவருக்கு எது சுலபம்? 15 மீட்டர்தானே! எதிர்ப்பக்கத்தில் அவர் போக வேண்டிய நேரமும் குறையும்.

பொறுத்திருந்தால் நஷ்டம் எவ்வளவு? அதையும் கணக்குப் பார்க்கலாம். சைக்கிள் கூட்டம் மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. 50 கிலோ மீட்டர் வேகத்தில் போக நினைப்பவர், அரை கிலோ மீட்டர் தூரம் அவர்கள் பின்னாலேயே போகிறார். அவருக்கு நஷ்டம் 36 விநாடி!

36 விநாடியை மிச்சம் பிடித்து அவர் கட்டப்போகும் கோட்டை என்ன?

சைக்கிள்காரர்களுக்கும் கடமை உண்டு

குற்றம் ஒரு பக்கம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது.

கூட்டமாகப் போகும் சிலர் பேச்சு ருசியில் மூன்று பேர், நான்கு பேர் என்று சாலையை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வண்டி வருவது தெரிந்தும் விலகுவது இல்லை. சிவப்பு விளக்கைக் கண்டால் "நாங்கள் கூட்டமாக வருகிறோம்" என்று தாண்டிவிடுகிறார்கள். இது தவறு. இரண்டு பேர் சேர்ந்து போகலாம் என்று சொன்ன அதே பிரிட்டிஷ் விதி, பின்னால் வருகிறவரை நினைத்துப் பார்த்து, ஆபத்து இல்லாத இடத்தில் அவருக்கு வழி விடும்படியும் சொல்கிறது.

தங்களுக்குள்ளும் அவர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தன் முன் சக்கரத்தை நுழைக்கக் கூடாது. அவர் லேசாகத் திரும்பினால் இரண்டு சக்கரமும் உரசும். விழுவது பின்னால் இருப்பவர்தான். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் சுட்டிக்காட்ட வேண்டும். பின்னால் இருப்பவர், "வண்டி வருகிறது" என்று குரல் கொடுக்க வேண்டும். திடீர் என்று யாரும் பிரேக் பிடிக்கக் கூடாது.

சைக்கிள் பந்தயத்தை நடத்துகிறவர்களும் பாடம் படித்தார்கள். பெரிய பந்தயங்களில் 2018-ம் ஆண்டு முதல் ஒவ்வொரு அணியிலும் ஒரு வீரரைக் குறைத்தார்கள். கூட்டம் சிறுத்தால் நெரிசலும் குறையும் அல்லவா?

அண்ணன் யார்?

மோட்டார் சைக்கிளில் போகிறவர் சைக்கிளைப் பார்த்து, "ஓரமாகப் போ!" என்கிறார். தன் வண்டியின் பிறப்பு அவருக்குத் தெரியவில்லை.

பாரிஸ் நகரத்தில் 1860-களிலேயே பெடல் வைத்த சைக்கிள் ஓடியது. அதற்குப் பிறகுதான், 1885-ல், ஜெர்மனியைச் சேர்ந்த டைம்லர் மரத்தால் செய்த வண்டியில் பெட்ரோல் என்ஜினைப் பொருத்தினார். இங்கிலாந்தில் என்பீல்டு கம்பெனி முதலில் செய்தது சைக்கிள்தான். 1901-ல்தான் அது மோட்டார் சைக்கிள் செய்தது. அதே என்பீல்டு பெயரில் மோட்டார் சைக்கிள் செய்ய 1955-ல் சென்னையில் கம்பெனி தொடங்கினார்கள்.

ஆகவே, சைக்கிள்தான் அண்ணன். மோட்டார் சைக்கிள் தம்பி. சைக்கிளின் வயிற்றில் ஓர் என்ஜினை வைத்தார்கள்; தம்பி பிறந்தான். உடம்பு பெருத்தது, வேகம் கூடியது என்பதற்காக ஒல்லியான அண்ணனைத் தம்பி சாலையில் தள்ளிவிடலாமா?

நம் ஊர் மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். பெரும்பாலானவர்கள் முதலில் கற்றது சைக்கிள்தானே? கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழே காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டது மறந்துவிட்டதா? அப்போது பின்னால் வந்த வண்டிக்காரர் பொறுத்துப் போனதால்தானே இன்றைக்கு முழுசாக வண்டி ஓட்டுகிறார்?

இரண்டு பேருக்கும் தோல்தான் கவசம்

காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. சைக்கிளில் போகிறவருக்கு அது இல்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் இல்லை! தலையில் ஹெல்மெட். மற்ற இடத்தில் தோல். அவ்வளவுதான்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு சுமார் 44 பேர் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்ற வண்டிகளில் போனவர்கள். லாரிக்காரரும் பஸ்காரரும் தங்களை மதிக்காமல் நெருக்குகிறார்கள் என்று இவர்கள் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால், லாரிக்காரர் தங்களுக்குச் செய்வதையே இவர்கள் சைக்கிள்காரருக்குச் செய்யலாமா?

பிரிட்டிஷ் சாலை விதி ஒரு பட்டியல் தருகிறது. சாலையில் அதிகமாக அடிபடக் கூடியவர்கள் யார் யார் என்ற பட்டியல் அது. நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், குதிரையில் போகிறவர், மோட்டார் சைக்கிளில் போகிறவர். நான்கு பேரும் ஒரே பட்டியலில்! யாரால் பெரிய சேதம் செய்ய முடியுமோ, அவருக்கே பெரிய பொறுப்பு என்றும் அந்த விதி சொல்கிறது.

சட்டம் ஒன்றரை மீட்டர் என்று எழுதலாம். ஒவ்வொரு வளைவிலும் நின்று அளந்து பார்க்கப் போலீசாரால் முடியாது. வீட்டில் இருப்பவர்களால் முடியும். பின்னால் உட்கார்ந்து போகும் மனைவி, "ஏங்க, கொஞ்சம் பொறுங்க. அவங்க போகட்டும்" என்று சொல்லலாம். மகனுக்கு வண்டி வாங்கித் தரும் தகப்பனார், சாவியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

தெமுவாத்தியே விழுந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது சில விநாடி. எழுந்து ஓரமாகப் போக அது போதும். அந்தச் சில விநாடி அவருக்குக் கிடைக்கவில்லை.

சாலையில் முன்னால் போகும் சைக்கிள்காரருக்கு அதைக் கொடுப்பது மோட்டார் சைக்கிள்காரரின் கையில் இருக்கிறது. முறுக்குகிற அதே கையில்!