மாலை ஆறுக்குப் பிறகு யாருடைய நேரம்?

இரவு ஒன்பதே முக்காலுக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறது: ‘நாளை காலை 9 மணிக்குள் விவரம் வேண்டும். மிக அவசரம்.’ அடுத்த சில நிமிடங்களில் ‘ஓகே சார்’, ‘நோட்டட் சார்’ என்று பதில்கள் வரிசைகட்டுகின்றன. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவர் இடது கையால் கட்டைவிரல் எமோஜி ஒன்றைத் தட்டிவிடுகிறார். பார்த்தும் பதில் போடாதவரை நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். அரசுப் பள்ளி ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், வங்கிக் கிளை ஊழியர், ஓ.எம்.ஆர். ஐ.டி. ஊழியர் என்று எல்லோருக்கும் இது பழகிப்போன இரவு. இந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தின் வழியே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு முன்கை எடுத்துச் செய்ய வேண்டும்.

வேலையால் சோர்ந்துபோகிறவர்களிடம் ‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள், உங்கள் நேரத்தை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்’ என்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால், அதைக் கடைப்பிடிக்க யாரால் முடியும்? ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஊழியரால் முடியுமா? அப்ரைசலுக்குக் காத்திருக்கும் இளைஞரால் முடியுமா? குழுவில் முப்பது பேர் ‘நோட்டட்’ போட்டபின் முப்பத்தோராவது ஆள் மட்டும் மௌனமாக இருப்பதற்குத் தனிமனிதத் துணிச்சல் போதாது. உலக சுகாதார நிறுவனமே 2019-ல், இந்தச் சோர்வு முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று வரையறுத்தது. காரணம் பணியிடத்தில் இருக்க, மருந்தை மட்டும் ஊழியரின் மனஉறுதியில் தேடுவது நியாயமில்லை.

இது வெறும் அலுப்பு பற்றிய பேச்சும் இல்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35% அதிகம். இதயநோயால் இறக்கும் அபாயம் 17% அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது. ஆனால் 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தமும் பட்டார். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தம் செய்து வென்றெடுத்தவற்றில் ஒன்று அந்த ஞாயிறு விடுமுறை. அதை இப்போது கைப்பேசி வழியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களுக்குச் சுமை இரட்டிப்பு. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இட்லிக்கு மாவு அரைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு நிமிரும் ஆசிரியையிடம்தான் அந்த ஒன்பதே முக்கால் மணிச் செய்தி போய்ச் சேருகிறது.

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆளைக் கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ வைத்துத்தான் வேலை வாங்க முடியும் என்றிருந்த காலத்துச் சட்டம் அது. பேருந்திலும் படுக்கையிலும் நடக்கும் வேலை எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு மிகைநேர ஊதியமும் கிடையாது.

‘வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார், அவருக்குப் பகல் நமக்கு இரவு’ என்பது நிறுவனங்களின் வாதம். அப்படியானால் அதை ஷிஃப்ட் என்று அறிவித்து, ஆன்-கால் பட்டியல் போட்டு, அதற்குரிய படியைக் கொடுக்கட்டும். எல்லா அழைப்பையும் தடைசெய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேலை நேரம் முடிந்ததும் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறோம். பிரான்ஸில் 2017 முதல் இந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலியச் சட்டத்தைப் பாருங்கள்: மேலாளர் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம், வேலை நேரத்துக்கு வெளியே பதில் சொல்ல மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு. மறுத்தது நியாயமா என்ற தகராறு வந்தால், அழைப்புக்கான காரணம், அவர் வகிக்கும் பொறுப்பு, அதற்குக் கிடைக்கும் ஊதியம், குடும்பச் சூழல் ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்பாயம் முடிவுசெய்யும். மருத்துவமனையும் மின்வாரியமும் முடங்கிவிடும் என்ற பயத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே இதற்காக மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தும் பயன் ஏதுமில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துப் போட்ட பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-ல் சட்டமாக்கியது தமிழ்நாடு. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றினாலும், எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் இதே மாநில அரசுதான். 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே தனியார் துறையில் பெரும்பகுதியை எட்டிவிடலாம். மறுத்தவரைப் பழிவாங்கினால் தண்டனை என்பதையும் அதில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

சட்டத் திருத்தம் வரும்வரை, நாட்டின் மிகப் பெரிய வேலை கொடுப்பவர்களில் ஒன்றான அரசு தன் வீட்டில் தொடங்கட்டும். பேரிடர், உயிர்காக்கும் சிகிச்சை, சட்டம்-ஒழுங்கு தவிர வேறு எதற்கும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை துறைசார் வாட்ஸ்அப் குழுக்களில் உத்தரவோ விவரக் கேட்போ போடக் கூடாது. போட்டாலும் மறுநாள் வேலை நேரம் தொடங்கும்வரை பதிலளிக்காததற்கு விளக்கம் கேட்கக் கூடாது. இந்த இரண்டு வரிகளுக்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. தலைமைச் செயலரின் ஒரு சுற்றறிக்கை போதும். அது இந்த மாதமே வெளிவர வேண்டும்.