அண்டை வீட்டு நிரலாளர்

தமிழ்க் கணிமை மாநாடுகளில் ஆய்வுக் கட்டுரைகளைவிடத் தேநீர் இடைவேளையே பயன் தருவது என்றால் நண்பர்கள் சிலர் சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும். எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று தனித்தனித் தீவுகளில் உழைத்த நிரலாளர்களை நேருக்கு நேர் அமர்த்தியவை 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த மாநாடுகள். சென்னை மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை அத்தகைய சந்திப்பின் விளைவு. பொன்னாடைகளின் விளைவு அன்று.

ஆனால் நம்மவர் நம்மவரையே சந்தித்துக்கொண்டிருப்பது எத்தனை காலத்துக்கு? யூனிகோடு அட்டவணையைப் பாருங்கள். தமிழுக்கு 128 இடங்கள். அவை முடிந்த மறு இடத்திலேயே தெலுங்குக்கு 128 இடங்கள் தொடங்குகின்றன. அண்டை வீடு. நம் 'வீடு', 'வீட்டிலேயே' ஆகும்போது அடிச்சொல்லே உருமாறுகிறது. அவர்களது 'இல்லு', 'இண்ட்லோனே' ஆகிறது. வெறும் சொற்பட்டியல் இங்கே செல்லாது. சொற்பிழை திருத்தியை உருவாக்குபவருக்கு இரு மொழியிலும் ஒரே தலைவலி. ஒருவர் எழுதிய விதிகளை மற்றவர் புரட்டியேனும் பார்த்ததுண்டா?

அடுத்த மாநாட்டைத் திருத்தணியில் வையுங்கள். 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் அது. (வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போராடியதை மறக்கச் சொல்லவில்லை.) படியேறும் பக்தர் கூட்டத்தில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கும். மேடை வேண்டாம், வாழ்த்துரை வேண்டாம். இரு மொழி நிரலாளர்களும் மடிக்கணினிகளைத் திறந்து, ஓட மறுக்கும் நிரலையும் கூச்சமின்றிக் காட்டட்டும். மூல நிரலைத் தர மனமில்லாதோர் கட்டுரை வாசிக்கலாம். கடைசி நாள், பேருந்துக்குப் பலரும் கிளம்பிய பிறகு.