இரண்டு பேட்டரியும் ஒரு வாக்குமூலமும்

நண்பர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. ப்ராபபிலிட்டி பேப்பரில் அரியர் வைத்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம், கஷ்டமே இல்லை.

10 லட்சம் பேர் வாழும் ஒரு நகரம். அதில் 10 பேர் பயங்கரவாதிகள் என்று வைத்துக்கொள்வோம். பயங்கரவாதியைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. அது 99 சதவீதம் சரியாகச் சொல்லும். சூப்பர் கருவி, இல்லையா? இப்போது மொத்த நகரத்தையும் அதில் சோதிப்போம். உண்மையான 10 பேரும் ஏறக்குறைய மாட்டிவிடுவார்கள். கூடவே மீதி இருக்கும் மக்களில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 10,000 அப்பாவிகளும் மாட்டுவார்கள். கருவி கை நீட்டிக் காட்டும் ஆட்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான் நிஜமான குற்றவாளி!

இது கருவியின் குறை இல்லை. தேடும் பொருள் அவ்வளவு அரிதானது, அதனால் வருகிற சிக்கல். பயங்கரவாதத்தை ஒடுக்க அரசுகள் போடும் சட்டங்களும் இந்தக் கருவி மாதிரிதான் வேலை செய்கின்றன. வலையை எவ்வளவு அகலமாக விரிக்கிறோமோ, அவ்வளவு அப்பாவிகள் சிக்குவார்கள். சிக்கியவர் தான் அப்பாவி என்று காட்ட ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

குண்டு செய்யும் இரண்டு வேலைகள்

ஒரு குண்டு முதலில் உயிரைப் பறிக்கிறது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு, பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அவர்களில் யாருக்கும் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது இது கடைசி நாள் என்று தெரியாது. இதை எந்தக் கொள்கையை வைத்தும் நியாயப்படுத்த முடியாது.

இரண்டாவது வேலை மெதுவாக நடக்கும். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும் பார்வையை அது மாற்றிவிடும். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு, போருக்குத் தப்பி இங்கே வந்திருந்த ஈழ அகதிகள் எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிப்போனார்கள். முகாமை விட்டு வெளியே போக வர ஆயிரம் கேள்வி. கோவையிலும் அப்படித்தான். கோட்டைமேட்டைச் சுற்றிப் போலீஸ் சோதனைச் சாவடிகள் இருந்தன. பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் அதைத் தாண்டித்தான் போகணும். பேரைக் கேட்டுவிட்டு "வீடு காலி இல்லை" என்று சொல்லும் பழக்கம் நம்ம ஊரில் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். குண்டு வைத்தவன் எதிர்பார்த்தது இந்தப் பிளவைத்தான். அவனுக்கு அந்த வெற்றியை நாம்தான் கொடுக்கிறோம்.

எக்ஸ்பயரி டேட் இல்லாத ஹாட்ஃபிக்ஸ்

சர்வர் டவுன் ஆனால் என்ன செய்வோம்? அவசரத்துக்கு ஒரு ஹாட்ஃபிக்ஸ் போடுவோம். பிறகு உட்கார்ந்து சரியாக எழுதி, அந்தத் தற்காலிகக் கோடை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ப்ராஜெக்ட் செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1985இல் வந்த தடா சட்டம் அப்படி ஒரு ஹாட்ஃபிக்ஸ்தான். இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இலேயே ஒரு விதி வைத்திருந்தது: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளைக்காரனுக்கே போலீஸ் ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது! தடா அந்தப் பாதுகாப்பை எடுத்தது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் அது செல்லும் என்றது. 1994இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தில் கைதானவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. மேலே போட்ட கணக்கை இப்போது ஒரு தடவை திரும்பப் பாருங்கள்.

ஒரு நல்ல விஷயம், தடாவுக்குக் காலக்கெடு இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1995இல் நீட்டிக்காமல் விட்டார்கள். 2002இல் வந்த பொடாவுக்கும் மூன்று ஆண்டுக் கெடு இருந்தது. அதற்குள்ளேயே 2004இல் ரத்தானது. பொடாவை ஆதரித்த வைகோ, திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அதே சட்டத்தில் கைதாகி ஏறக்குறைய 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அடுத்தவனுக்கு என்று தீட்டும் கத்தி யார் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது இருக்கும் உபா சட்டத்துக்கு அந்தக் கெடுவும் கிடையாது. 1967இல் வந்த பழைய சட்டத்துக்குள் 2004, 2008, 2019 என்று ஒவ்வொரு முறையும் புதிய அதிகாரங்களைச் சேர்த்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம். போலீஸ் தாக்கல் செய்ததைப் படித்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. 2019 முதல் அமைப்பை மட்டும் இல்லை, தனி ஒரு மனிதரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, விசாரணையே தொடங்காத நிலையில், ஜாமீனுக்குக் காத்திருந்தபடி 2021 ஜூலையில் தன் 84ஆம் வயதில் இறந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அவர், தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டுக் கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டியிருந்தது.

நம்மில் ஒருவர்

எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமா படித்த 19 வயதுப் பையன் ஒருவர். 1991 ஜூனில் கைதானார். பெயர் பேரறிவாளன். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியமான குற்றச்சாட்டு. நம் லேபில் எத்தனை 9 வோல்ட் பேட்டரி கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

1998இல் தடா நீதிமன்றம் அந்த வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இது தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் அதே தடா சட்டப்படி வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. 2013இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே ஓய்வுக்குப் பிறகு வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். ஒரு வரி விடுபட்டது. அந்த ஒரு வரியில்தான் குற்றமே இருக்கிறது. 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது அவருக்கு 50 வயது.

"உங்க வீட்டுல ஒருத்தர் செத்திருந்தா?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான கேள்வியும் கூட. சரி, செத்தவர் வீட்டுப் பக்கமிருந்தே பார்ப்போம். 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டு வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 12 பேருக்குக் கீழ்க்கோர்ட் 2015இல் தண்டனை கொடுத்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்துவிட்டது. அங்கேயும் போலீஸ் வாங்கிய வாக்குமூலங்கள் நம்பத்தகுந்தவை இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 19 வருஷம் கழித்து, குண்டு வைத்தது யார் என்ற கேள்வி அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் மறுபடி வந்து நிற்கிறது. குறுக்கு வழி பாதிக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் துரோகம் செய்கிறது.

இப்போது கசாப் வழக்கைப் பாருங்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு வாதாட நீதிமன்றமே வக்கீல் கொடுத்தது. நேரில் பார்த்தவர்களும் புகைப்படங்களும் சாட்சியாக வந்தன. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது, நவம்பரில் நிறைவேறியது. மரண தண்டனை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்களைப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே நீதிமன்றம் விடுவித்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் குற்றவாளியையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்க நம் நீதிமன்றத்தால் முடிந்தது. ஆதாரத்தைச் சரியாகச் சேகரித்தால் எந்தக் குறுக்கு வழியும் தேவையில்லை.

நாம என்ன செய்யலாம்?

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும்?" என்று கேட்பவர்களிடம் அந்த 10,000 பேர் கணக்கைச் சொல்லுங்கள். யாராவது கைதானார் என்று செய்தி வந்த ஐந்தாவது நிமிஷம், 'பயங்கரவாதி சிக்கினான்' என்று போட்டோவோடு வாட்ஸப் குரூப்பில் வரும். அதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். தீர்ப்பு வரும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. பத்து வருஷம் கழித்து அவர் விடுதலையானால் அந்தச் செய்தி எந்தக் குரூப்பிலும் வராது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. இப்படிப்பட்ட சட்டங்களுக்குக் காலக்கெடு வேண்டும். ஜாமீன் மறுத்தால் இத்தனை மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்ற விதி வேண்டும். நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். இதைக் கேட்டால் தேசத்துரோகி என்று சொல்வார்கள். சொல்லட்டும்!

நாளைக்கு முகமறி மென்பொருளையும் கண்காணிப்புக் கருவிகளையும் எழுதப்போவது நம்ம பேட்ச்தான். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து அந்த நாற்காலியில் உட்காரும்போது, மெஷின் சந்தேகப்படும் ஆளுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல என்ன வழி வைத்திருக்கிறோம் என்று முதல் ரிவ்யூவிலேயே கேளுங்கள். பேட்டரி எதற்கு என்று தெரியாது எனச் சொன்ன அந்த ஒரு வரிக்கு, நீங்கள் எழுதும் சிஸ்டத்திலாவது இடம் இருக்கட்டும்.