முப்பது ஆண்டுகளுக்குப் பின் பூல் மேசையில்

கைவிட்ட விளையாட்டொன்றை முதுமையில் மீண்டும் கற்பது வீண்வேலை என்று கருதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அண்மையில் பூல் விளையாட்டை மறுபடியும் கற்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த முயற்சி எங்கள் சப்பிரகமுவைத் தோட்டங்களைப் பற்றிய பழைய கேள்வியொன்றையும் கிளறிவிட்டது.

எது மறந்துபோகிறது, எது மறவாதிருக்கிறது என்பதே முதல் வியப்பு. எந்தப் பந்தை எங்கே தொட்டால் அது குழிக்குள் விழும் என்பதைக் கண் உடனே சொல்லிவிடுகிறது. கைதான் கேட்பதில்லை. அடிக்கும் கணத்தில் தோள் எழும்பிக் கோல் விலகிப் போகிறது. குனிந்தால் மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு பந்தை மறைக்கிறது. ஆகவே பழைய வித்தைகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பந்தை மேசையின் நெடுக்கில் அடித்து, அது எதிர்க்கரையில் பட்டுக் கோலின் நுனிக்கே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் பாலபாடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணுக்கு அந்தக் கணக்கைக் கற்பித்தது பூல் மேசை அன்று. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் லயத்து வாசலில் கிடந்த கரம் பலகைதான். கரையில் பட்டுத் திரும்பும் கோணம் இரண்டிலும் ஒன்றே. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்யும் பிரதேசம் அது. ஈரத்தில் காய் நகராது. பலகையை அடுப்படியில் காயவைத்து, போரிக் பவுடர் தூவி ஆடுவோம். நிருபனாகக் கொழும்புக்குச் சென்ற பின்னரே முதன்முதலாகக் கோலைத் தொட்டேன்.

தோட்டப்புறத்தில் பில்லியட்ஸ் மேசை துரைமாரின் கிளப்பில் இருந்தது. 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட அந்தப் பச்சைத் துணி மேசையை லயத்துப் பிள்ளை நெருங்க வேண்டுமாயின், புள்ளி குறிக்கும் 'மார்க்கர்' வேலைக்குத்தான் போக வேண்டும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமாரின் நிறமும் மொழியும் மாறின; கிளப்பின் வாசல் தொழிலாளிக்குத் திறக்கவில்லை.

1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே பிறந்த ஸ்னூக்கரும், விதிகள் எழுதப்பெற்று உருப்பெற்றது உதகமண்டலம் கிளப்பில்தான். இவை மேசையை உடையவர்களின் விளையாட்டுகள். 1973இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றபோது இலங்கை முழுவதும் மகிழ்ந்தது. மேசை எட்டியிருந்தால் கேகாலையிலோ பலாங்கொடையிலோ இன்னொருவர் உருவாகியிருக்கக் கூடாதா?

கரம் பலகை அப்படியன்று. வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். தெருவோரத்துப் பலகையும் முறையான பயிற்சியும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இவர்களே சாட்சி.

சம்பளமும் வீடும் தீராத பிரச்சினையாய் இருக்கையில் விளையாட்டு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அந்தப் போராட்டங்களுக்கு இது மாற்று அன்று. ஆயினும் நனையாத ஓர் அறை, மாலையில் எரியும் ஒரு விளக்கு, நல்ல பலகைகள் இரண்டு, வாரம் இருமுறை வந்து கற்பிக்க ஒருவர் என்பவை பெரிய செலவுகள் அல்ல. பெண்பிள்ளைகளுக்கும் அங்கே சம இடம் வேண்டும். பிறந்த தோட்டத்தின் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து தவறாமல் பணம் அனுப்பும் அன்பர்கள், அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

இளமையில் ஒருமுறை கற்றிருந்ததால்தான் இந்த வயதில் என்னால் மீண்டும் கற்க முடிகிறது. அந்த முதல் வாய்ப்பைத்தான் லயத்துப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.