வருமுன் காக்கும் செலவு

நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. சிறுத்தையும் கரடியும் உலவும் மலையில் இரவில் முதலில் குரல் எழுப்புவது அதுவே. ஆயினும், 'நமக்கே போதாதபோது நாய்க்கு ஊசியா?' எனக் கூலியை நம்பி வாழும் குடும்பம் கேட்பதுண்டு. அக்கேள்வியை எள்ளுதல் தகாது. விடை காண்பதே அறிவுடைமை.

வருவாய் குறைந்தோர் முதலில் செய்ய வேண்டியது வெறிநோய்த் தடுப்பூசிக்கான செலவே. அறிகுறி தோன்றியபின் அந்நோய் நாயையும் மனிதரையும் உயிரோடு விடுவதில்லை. நாய்க்கு இடும் ஊசி, அதனுடன் விளையாடும் குழந்தைக்கும் காப்பாகிறது. வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டரின் தடுப்பூசி செலுத்தப்பட்டது. அந்நாளையொட்டி, அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. பாஸ்டரின் பெயர் தாங்கிய நிறுவனம் 1907இலேயே குன்னூரில் தோன்றியது.

ஆனால், மருத்துவமனை நகரில் உள்ளது. தோட்டமோ தொலைவில் உள்ளது. ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தில் ஏற்ற இயலாத நாயுடன் நடப்பவருக்கு இலவசமும் விலையுடையதே. ஆகவே, விடுமுறை நாள்களில் முகாம்கள் தோட்டங்களைத் தேடி வரவேண்டும். நாம் சிறுதொகை சேமிப்போம். அரசு தொலைவைக் குறைக்கட்டும். வாயில்லா உயிரைக் காப்பது இரக்கம் மட்டுமன்று. ஊரைக் காக்கும் கடமையும் ஆகும்.