பூங்கா இடத்தில் வணிக வளாகம் கட்டும் உத்தேசத்தைக் கைவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
1. உயர்திரு நகர்மன்றத் தலைவர் அவர்கள்,
2. உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு – பூங்கா உபயோகத்திற்கென ஒப்படைக்கப்பட்ட இடத்தில் வணிக வளாகம் கட்டும் உத்தேசம் – கைவிடக் கோருதல் – பூங்கா நிதி, சாலைப் பாதுகாப்பு மற்றும் இதர கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை:
1. பூங்காவைப் பராமரிக்கக் கோரி எங்கள் சங்கம் அளித்த மனு.
2. மேற்படி மனுவின் மீது அனுப்பிய நினைவூட்டுக் கடிதங்கள்.
3. பள்ளி முனையில் வேகத்தடை கோரி அளித்த மனு.
4. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பொதுத் தகவல் அலுவலர் வழங்கிய பதில்.
5. நகர்மன்றக் கூட்டப் பொருள் நிரல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. உறுப்பினர்கள் அனைவரும் இந்நகராட்சிக்குச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்தி வருபவர்கள்.

பார்வை 1 முதல் 3 வரையுள்ள கடிதங்கள் எதற்கும் இதுநாள் வரை எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லை. தபால் பிரிவின் முத்திரையிட்ட ஒப்புகை மட்டுமே எங்கள் கோப்பில் உள்ளது. நேரில் வந்து கேட்டபோதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது", "பொறியியல் பிரிவுக்கு அனுப்பியாகிவிட்டது", "நிதி இல்லை" என்ற விடைகளே கிடைத்தன. இப்போது பார்வை 5-இல் கண்ட பொருள் மன்றத்தின் முன் வரவிருக்கும் நிலையில், முன்பு எழுதியவற்றைத் தொகுத்து மீண்டும் சமர்ப்பிக்க வேண்டியவர்களாகிறோம்.

கோரிக்கை 1: பூங்கா இடத்தைப் பூங்காவாகவே காத்தல்

முதல் மனுவில் நாங்கள் கேட்டவை எளியவை. பழுதுபார்க்கக் கழற்றிச் சென்ற ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் திரும்பப் பொருத்த வேண்டும். கிழக்குப் பக்கம் சரிந்த கம்பிவேலியைச் சீர்செய்ய வேண்டும். நடைபாதையின் இருபுறமும் மண்டிவிட்ட சீமைக்கருவேல முட்செடிகளை அகற்ற வேண்டும். ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, யாரோ ஒரு பெற்றோர் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். குழந்தை விழுந்து அடிபடுவதற்குள் மாற்ற வேண்டும். இவ்வளவுதான் அந்த மனு.

நினைவூட்டுக் கடிதங்களில் இதையே திரும்ப எழுதினோம். மோட்டார் இல்லாததால் வேம்பும் புங்கனும் வாடுவதையும், தெருவாசிகள் முறை வைத்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதையும் தெரிவித்தோம். விளக்கு எரியாததால் மாலை ஆறரைக்கு மேல் பெண்கள் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டதையும் குறிப்பிட்டோம். எந்தப் பணியும் நடைபெறவில்லை. மோட்டார் வரவில்லை. மாறாக, அளவைப் பணியாளர்கள் வந்தார்கள். நடைபாதைக்குக் குறுக்கே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுச் சென்றார்கள். என்ன ஏதென்று விசாரித்தபோதுதான், அவ்விடத்தில் கடைகள் கட்டும் உத்தேசம் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது.

கூட்டப் பொருளில் இரண்டு காரணங்கள் கூறப்பட்டுள்ளன. இடம் பயன்பாடின்றிக் கிடக்கிறது என்பது ஒன்று. நகராட்சியின் வருவாயைப் பெருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எங்கள் பதிலைப் பணிவுடன் ஆனால் அழுத்தமாகப் பதிவு செய்கிறோம்.

முதலில், இந்த இடம் நகராட்சியின் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எதுவானாலும், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளுக்கு இடத்திற்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழி உண்டு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அந்த வழியும் இல்லை; இடத்தையே கொடுத்தாக வேண்டும். எங்கள் மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வகையைச் சேர்ந்தது. அந்தப் பத்து சதவீதத்தின் விலையை மனை விற்றவர் தம் கையிலிருந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு மனையின் விலையிலும் ஏற்றியே விற்றார். வரைபடத்தில் பச்சையாகக் காட்டியிருந்த பூங்காவைப் பார்த்துத்தான் ஓய்வூதியப் பணத்தையும் நகைக்கடனையும் போட்டு எங்கள் உறுப்பினர்கள் மனை வாங்கினார்கள். ஆகவே நகராட்சி இந்த இடத்தைப் பொதுமக்களின் பொருட்டுக் காத்து வரும் பொறுப்பாளர். விருப்பப்படி உபயோகத்தை மாற்றும் உரிமையாளர் அல்ல.

இது எங்கள் ஊகம் அன்று. பார்வை 4-இல் கண்ட பதிலில், "மேற்படி இடம் பூங்கா உபயோகத்திற்கென தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டது; உபயோக மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை" என்று தங்கள் அலுவலகமே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

அடுத்து, இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டது. பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை எதிர் பி.எஸ். முத்தப்பா என்ற அந்த வழக்கின் தீர்ப்பைத் தாங்களும் நகர்மன்ற உறுப்பினர்களும் முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெங்களூரின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், நகர வளர்ச்சித் திட்டத்தில் பொதுப் பூங்காவிற்கென ஒதுக்கிய இடத்தை, அன்றைய முதலமைச்சரின் உத்தரவின் பேரில் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட வழங்கினார்கள். அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி முன் தோற்று, மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வில் வென்றார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்து, ஒதுக்கீடு செல்லாது என்று முடித்தது.

அவ்வழக்கில் எதிர்த்தரப்பு வைத்த வாதங்களையும் எங்கள் நகராட்சியின் கூட்டப் பொருளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனையும் மக்களுக்குத் தேவையான வசதிதானே என்று அங்கே கேட்டார்கள். பூங்கா ஏழை பணக்காரர் எல்லோருக்குமானது, கட்டணம் பெறும் தனியார் மருத்துவமனை அப்படிப்பட்டதன்று, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது என்ற அடிப்படையில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. பகுதிவாசிகளுக்கு வழக்குத் தொடுக்க என்ன உரிமை என்ற வாதமும் எடுபடவில்லை. தாங்கள் வாழும் பகுதியின் திறந்தவெளியைக் காப்பதில் அங்கே குடியிருப்போருக்கு நேரடி அக்கறை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. மாநில முதலமைச்சரின் உத்தரவே பூங்காவை மாற்றப் போதுமானதாகவில்லை என்றால், ஒரு நகர்மன்றத் தீர்மானம் எப்படிப் போதுமானதாகும்? உயிர் காக்கும் மருத்துவமனைக்கே பூங்காவைத் தரக்கூடாது என்றால், கடைகளுக்கு எப்படித் தரலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கூட்டப் பொருளில் பதில் இல்லை. தீர்மானம் நிறைவேற்றும் முன் சட்ட ஆலோசகரின் கருத்தை எழுத்தில் பெற்று மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

மேலும், தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாத்தல் மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டம் 1959-ஆம் ஆண்டு முதலே உள்ளது. அந்தந்த ஊரின் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பட்டியலிட்டு அரசுக்கு அளிக்கும் கடமையை அது உள்ளாட்சி நிர்வாகத்தின் மீது வைக்கிறது. அந்தப் பட்டியலில் எங்கள் பூங்கா உள்ளதா என்று தகவல் உரிமை மனுவில் கேட்டிருந்தோம். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் அளிக்கப்படவில்லை. அரசியலமைப்பின் 74-வது திருத்தத்தின் வழி வந்த பன்னிரண்டாவது அட்டவணையிலும் பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் நகராட்சியின் பணிகளாகவே எழுதப்பட்டுள்ளன.

இடம் பயன்பாடின்றிக் கிடக்கிறது என்ற காரணத்திற்கு வருகிறோம். காலை ஐந்தரைக்கு அந்த நடைபாதையைப் பார்வையிட வருமாறு அழைக்கிறோம். முழங்கால் வலிக்கு மருத்துவர் நடக்கச் சொன்ன முதியவர்கள், பால் வாங்கித் திரும்பும் வழியில் ஒரு சுற்று சுற்றுபவர்கள், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞர்கள் என்று அந்த நேரத்தில் இடம் நிறைந்திருக்கிறது. மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். முள் மண்டிய பகுதி மட்டுமே ஆளரவமின்றி இருக்கிறது. அதுவும் நாங்கள் மனுவில் எழுதிக் கொடுத்தும் வெட்டப்படாத முள். பராமரிக்கக் கேட்டபோது நிதி இல்லை என்று சொல்லி, பராமரிப்பு இல்லாததையே காரணமாக்கி இடத்தை எடுப்பதை எங்களால் ஏற்க இயலாது.

வருவாய் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. சாலை போடவும் சாக்கடை தூர்வாரவும் நகராட்சிக்குப் பணம் வேண்டும். ஆனால் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய நகராட்சிக் கடைகளில் பல, ஏலம் போகாமல் ஷட்டர் இறக்கியபடி துருப்பிடித்துக் கிடக்கின்றன. வாடகை நிர்ணயத்தைச் சரிசெய்து அவற்றை முதலில் ஏலம் விட வேண்டும். வாடகை பாக்கியை வசூலிக்க வேண்டும். இருக்கும் கடைகளே பூட்டிக் கிடக்கையில், புதுக் கடைகள் வருவாய் தரும் என்பதற்குக் கூட்டப் பொருளில் எந்தக் கணக்கும் காட்டப்படவில்லை.

போக்குவரத்து ஆபத்தையும் மன்றம் எடைபோட வேண்டும். பூங்காவின் முன்னுள்ள சாலை 30 அடி அகலமே கொண்டது. தெருமுனையில் பள்ளி. காலையும் மாலையும் சைக்கிள், ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் அந்த முனையில்தான் திரும்புகின்றன. அதே முனையில் சரக்கு வண்டிகள் நின்று மூட்டை இறக்கினால், பிள்ளைகள் நடுச்சாலையில் இறங்கித்தான் கடக்க வேண்டியிருக்கும். பூங்காவையும் இழந்து, பள்ளி முனையையும் ஆபத்துக்குள்ளாக்கும் திட்டம் இது.

நிதி இல்லை என்ற பதிலுக்கும் வழி சொல்கிறோம். நமக்கு நாமே திட்டத்தின்படி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். எங்கள் பங்கைத் திரட்டித் தருவதாகச் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானித்துள்ளோம். பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரித்துக் கொடுத்தால் போதும்.

ஆகவே இக்கோரிக்கையின் கீழ்க் கேட்பவை:

அ) வணிக வளாகப் பொருளை மன்றக் கூட்ட நிரலிலிருந்து நீக்க வேண்டும்.
ஆ) 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பட்டியலில் இவ்விடத்தைச் சேர்த்து, அதன் நகலைச் சங்கத்திற்கு வழங்க வேண்டும்.
இ) இடத்தை அளந்து வேலியிட்டு, புல எண்ணும் பரப்பும் குறித்த நகராட்சிப் பூங்கா அறிவிப்புப் பலகையை நிறுவ வேண்டும்.
ஈ) ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பூங்காப் பராமரிப்புக்கெனத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும்.
உ) மோட்டார், விளக்கு, ஊஞ்சல் ஆகிய பணிகளை உடனடியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோரிக்கை 2: பள்ளி முனையில், இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதிமுறைப்படி 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வேகத்தடை, உரிய வண்ணப் பூச்சு மற்றும் முன்னெச்சரிக்கைப் பலகையுடன் அமைக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 3: கடைவீதியில் தடையற்ற நடைபாதை ஏற்படுத்தப்பட வேண்டும். அங்குள்ள சாலையோர வியாபாரிகளுக்கு, அவர்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழு மூலம் மாற்று இடம் வழங்கிய பின்னரே இப்பணி மேற்கொள்ளப்பட வேண்டும்.

கோரிக்கை 4: ஓடைமேல் உள்ள சிறுபாலத்தில் இடிந்த கைப்பிடிச் சுவர் மழைக்காலத்திற்கு முன் கட்டப்பட வேண்டும்.

கோரிக்கை 5: எரியாத தெருவிளக்குகள் பழுது நீக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 6: எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் முன்னறிவிப்புடன் முறையாக நடத்தப்பட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு அலுவலகப் பலகையில் வெளியிடப்பட வேண்டும்.

மேற்கண்டவற்றில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவை காலதாமதமானாலும் பின்னர் செய்துகொள்ளக் கூடியவை. முதல் கோரிக்கை அப்படிப்பட்டதன்று. அஸ்திவாரம் தோண்டிவிட்டால் அந்த இடம் எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பூங்காவாகத் திரும்பாது. எனவே, பூங்கா இடம் தொடர்பான பொருளின் மீது மன்றம் எந்த முடிவும் எடுக்கும் முன், எங்கள் சங்கத்தின் பிரதிநிதிகளை நேரில் அழைத்து விசாரித்து, இம்மனுவின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே எழுத்துப்பூர்வமான பதில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பதிலின்றித் தீர்மானம் நிறைவேற்றப்படுமானால், மாவட்ட ஆட்சியரிடமும், தேவைப்படின் உயர் நீதிமன்றத்திலும் பரிகாரம் தேடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: மனைப்பிரிவு வரைபட நகல், தானப்பத்திர நகல், தகவல் உரிமைச் சட்டப் பதில், முந்தைய மனுக்களின் ஒப்புகைகள், உறுப்பினர்கள் கையொப்பப் பட்டியல்.

நகல்: மாவட்ட ஆட்சியர், நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர், நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், வார்டு உறுப்பினர் – தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்.