தலைக்காவிரியும் திருநெல்லியும்: ஆறு நாள் மலை யாத்திரை

ஆடிப்பெருக்கு தோறும் காவிரிக்குக் காதோலை கருகமணி சாற்றி வழிபட்ட பெரியோர் பலருக்கும், அந்தப் புண்ணிய நதி பிறக்கும் இடத்தை ஒருமுறையேனும் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்ற ஆவல் உண்டு. குடகு மலையில் தலைக்காவிரி. அதற்குத் தெற்கே வயநாட்டில் பித்ரு காரியங்களுக்குப் பெயர் பெற்ற திருநெல்லி. இரு தலங்களிலும் உள்ள மலைக்குப் பிரம்மகிரி என்றே பெயர். கோவையிலிருந்து காரில் புறப்பட்டு, இரண்டையும் ஆறு நாட்களில் நிதானமாகத் தரிசித்துத் திரும்பலாம்.

இங்கு அழுத்தம் தர வேண்டிய சொல் ‘நிதானம்’ என்பதே. விடுப்பு கிடைத்த சில நாட்களில் இயன்ற மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பட்டியலிடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் நாள் மாலைக்குள் பெரியவரின் கால்கள் வீங்கிவிடும். “நீங்கள் போய்வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்” என்று அவர் சொல்லிவிடுவார். எவருக்காக யாத்திரை புறப்பட்டதோ, அவருக்குத் தரிசனம் வாய்க்காமல் போகும். ஆகவே வண்டியில் உள்ள மூத்தவரின் உடல்நிலையே பயணத் திட்டத்தின் அளவுகோலாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பெருந்தலம். இருட்டுவதற்கு முன் தங்குமிடம். இந்த இரண்டு விதிகளையும் தளர்த்தலாகாது.

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடி மாதத்தில் நம் ஊர்க் காவிரியில் புதுப்புனல் பெருகுவதற்குக் காரணமே அப்போது குடகில் கொட்டும் தென்மேற்குப் பருவமழைதான். அதே மழையால் அங்கே மண்சரிவும் நிகழ்கிறது. 2018 ஆகஸ்டில் குடகு மாவட்டமும், 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக் குன்றும் பெரும் சரிவைக் கண்டன. ஆனி முதல் புரட்டாசி வரை இந்த யாத்திரையைத் தவிர்ப்பது நலம். துலா சங்கிரமணத்தன்று, அதாவது அக்டோபர் 17ஆம் தேதி அளவில், தலைக்காவிரிக் குண்டிகையில் தீர்த்தம் பொங்கும் வைபவம் நிகழும். அது மகத்தான நாள். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கும் நாள். முதியோர் கார்த்திகை முதல் மாசி வரை செல்வதே உகந்தது. குளிருக்குக் கம்பளி ஆடையும் காதுகளை மூடும் துணியும் போதும்.

முதல் நாள் விடியலில் கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாகச் சென்று, மலையடிவாரத்தில் பண்ணாரி அம்மனை வணங்கி, திம்பம் மலைப்பாதையில் ஏறலாம். அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறலாகாது. இரண்டு இட்லி போதும். தலைசுற்றல் உள்ளவரை முன்னிருக்கையில் அமர்த்துக. வனவிலங்குகளின் நலன் கருதி 2022 முதல் இவ்வழியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. முற்பகலிலேயே கடந்துவிடுவது சிறப்பு. சாமராஜநகரைத் தாண்டி, கபிலா நதிக்கரையில் நஞ்சன்கூடு நஞ்சுண்டேசுவரரைத் தரிசித்து மைசூரில் தங்கலாம். இரண்டாம் நாள் காலை சாமுண்டி மலை. வண்டி மேலே வரை செல்வதால் படியேற வேண்டியதில்லை. பிறகு சுமார் 120 கி.மீ. பயணித்து மடிக்கேரியை அடைந்து ஓய்வு கொள்க.

மூன்றாம் நாள் காவிரியன்னைக்கு உரியது. மடிக்கேரியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பாகமண்டலம் உள்ளது. காவிரியும் கன்னிகையும், கண்ணுக்குப் புலப்படாத சுஜோதியும் கூடும் திரிவேணி சங்கமம் அது. அங்கே நீராடி, பாகண்டேசுவரரை வணங்கி, பின்னர் 8 கி.மீ. மேலே உள்ள தலைக்காவிரிக்குச் செல்வது மரபு. அகத்தியரின் கமண்டலத்தைக் காக உருவில் விநாயகர் கவிழ்த்த வரலாற்றைச் சிறு வயதில் கேட்டவர்கள், கடல் மட்டத்திற்கு 1,276 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிறு குண்டிகையின் முன் நிற்கும்போது பேச்சற்றுப் போவார்கள். மேட்டூரிலும் திருவரங்கத்திலும் அகன்று விரியும் ஆறு, இங்கே கையகலத்தில் இருக்கிறது. அன்று வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் சேர்க்காமல், மடிக்கேரிக்கே திரும்பிவிட வேண்டும்.

நான்காம் நாள் கோணிக்கொப்பல், குட்டா, தோல்பெட்டி வழியாகத் திருநெல்லி. பெரும்பகுதி காட்டு வழி. யானைகள் உலவும் இடம். நண்பகலுக்குள் புறப்பட்டு, வழியில் எங்கும் இறங்காமல் சென்றுவிடுக. கோயிலருகே தேவஸ்வத்தின் விடுதி உள்ளது. அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். மாலையில் பெருமாளைத் தரிசித்து, காட்டிலிருந்து நீர் கொண்டுவரும் கல் வாய்க்காலையும் கண்டு, சீக்கிரமே உறங்கச் செல்லலாம்.

மறுநாள் காலைதான் யாத்திரையின் உச்சம். பாபநாசினி ஓடைக்குக் கோயிலின் பின்புறமிருந்து படிகளிலும் கரடுமுரடான கற்களிலும் நடந்தே செல்ல வேண்டும். நீர் படிந்த பாறை வழுக்கும். தர்ப்பணம் செய்ய வேண்டியவரோ பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவர். முதல் நான்கு நாட்களிலும் அவருடைய கால்களுக்கு ஓய்வு தந்தது இந்த ஒரு நடைக்காகவே. கைத்தடியும், இருபுறமும் தாங்க இருவரும் வேண்டும். முந்தைய நாள் ஒருவேளை மட்டும் அரிசிச் சோறு உண்பது கேரள வழக்கம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் இது குறித்து மருத்துவரிடமும், தத்தம் குல வழக்கம் குறித்து வீட்டுப் புரோகிதரிடமும் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்க.

கடன் முடித்த நிறைவோடு மானந்தவாடி, சுல்தான் பத்தேரி வழியாகக் கூடலூர் வந்து தங்கி, ஆறாம் நாள் உதகை, மேட்டுப்பாளையம் வழியே கோவை சேரலாம். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவை. பிள்ளைகள் முன்னதாகவே எடுத்து வைக்கட்டும். நஞ்சன்கூட்டின் கபிலா, திருநெல்லியின் காளிந்தி, மேட்டுப்பாளையத்தின் பவானி ஆகிய அனைத்தும் இறுதியில் காவிரியிலேயே கலக்கின்றன. ஆறு நாட்களும் ஒரே அன்னையின் மடியில் சுற்றி வந்ததாகவே கொள்ளலாம்.

வாடகை வண்டியாயின், கர்நாடகம், கேரளம் இரண்டுக்கும் அனுமதி உள்ளதா என்று விசாரித்து, மலைப்பாதையில் பழகிய ஓட்டுநரையே அமர்த்துக. இரவில் அவர் படுத்துறங்க நல்ல இடமும் தருக. மருந்துகளைப் பத்து நாட்களுக்கு உரிய அளவில் எடுத்து, கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சி நீர் அருந்தாமல் இருந்து மயங்கி விழும் முதியோர் பலர். அவர்களாக வாய்திறந்து கேட்கமாட்டார்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை, காட்டு எல்லைக்கு முன்னும் பின்னும், வண்டியை நிறுத்துவது பிள்ளைகளின் கடமை.

புறப்படும்போது ஒரு சிறிய செப்புச் செம்பையும் உடன் கொள்க. பயணத்திற்கு உடல் இடந்தராத பெரியவர் ஒருவரேனும் தெருவில் இருப்பார். தலைக்காவிரித் தீர்த்தத்தில் ஓர் உத்தரணி அவருக்கும் சென்று சேரட்டும்.